கோயில் திருப்பணிக்குக் கல் வாங்கினோம்: இரண்டு குவாரி, ஒரு சிற்பப் பட்டறை, என் மதிப்பீடு

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். இங்கே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும், பாறை என்று ஒன்றைப் பார்க்கவே முடியாது. அம்மிக்கல்கூட வெளியூரிலிருந்து வந்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் செங்கல் கட்டடமாக இருந்த முருகன் கோயிலின் சுவர் சாய ஆரம்பித்ததும், இந்த முறை கருங்கல்லிலேயே கட்டிவிடுவோம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. கருவறையும் அர்த்தமண்டபமும் அதிஷ்டானம் (அடிப்பீடம்) முதல் பிரஸ்தரம் (சுவருக்கு மேலே வரும் கூரை வரிசை) வரை கல், அதற்கு மேலே விமானம் செங்கல்லும் சுதையும். ஸ்தபதி போட்டுக் கொடுத்த கணக்கு சுமார் 2000 கன அடி. ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ வரும், ஆக மொத்தம் 150 டன். கல் வாங்கும் பொறுப்பைத் திருப்பணிக் குழு என்னிடம் கொடுத்தது. பதினாறு மாதம் அதற்காக அலைந்திருக்கிறேன்.

இதை எழுதக் காரணம், நான் தேடியபோது எல்லாரும் கல்லின் பெருமையைத்தான் எழுதியிருந்தார்கள், எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாரும் எழுதவில்லை. குவாரிகளின் பெயரைப் போடவில்லை, பட்டறையின் பெயரையும் போடவில்லை. ஒரே குவாரியில் இந்தப் பக்கம் எடுத்த கல் அருமையாக இருக்கும், இருபது அடி தள்ளி எடுத்த கல்லில் முழுக்க நரம்பு ஓடும். அதனால் பெயரைத் தெரிந்துகொண்டு போவதைவிடக் கல்லைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போவதுதான் உங்களுக்கு உதவும். மதிப்பெண் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் குவாரிக்கு ஐந்துக்கு 2, இரண்டாவது குவாரிக்கு நாலரை, மூலவர் செய்யக் கொடுத்த மாமல்லபுரம் பட்டறைக்கு 4.

என்ன கல் என்பதிலேயே முதலில் ஒரு விவாதம் வந்தது. குழுவில் ஒருவர் அயோத்தி கோயிலைப் பார்த்துவிட்டு வந்து, அந்த மாதிரி இளஞ்சிவப்புக் கல்லில் கட்டலாமே என்றார். அது ராஜஸ்தானின் பன்சி பகாட்பூர் மணற்கல். செதுக்கச் சுலபம், நிறமும் கண்ணைப் பறிக்கும், அவர் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஸ்தபதி மறுத்துப் பேசவில்லை. "காஞ்சிபுரம் வரைக்கும் ஒரு நாள் போய்விட்டு வருவோம், அப்புறம் முடிவு செய்யுங்கள்" என்றார். போனோம். நேராகக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அடித்தளத்தில் கருங்கல், அதற்கு மேலே மணற்கல். ஸ்தபதி எங்களைக் குந்த வைத்துக் காட்டினார்: கீழே கருங்கல் வரிசையின் விளிம்பு இன்றைக்கும் கூர்மையாக நிற்கிறது, மேலே மணற்கல் சிற்பங்களில் பல இடங்களில் முகம் கரைந்து, பிற்காலத்தில் பூசிய சுதைதான் உருவம் காட்டுகிறது. விரலால் தடவிப் பார்த்தால் கருங்கல் விரலில் ஒட்டவில்லை, உதிர்ந்த மணற்கல் ஓரத்தில் பொடி ஒட்டியது. ஒரே கோயில், ஒரே மழை, ஒரே வெயில், 1300 வருஷம். அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை.

மணற்கல்லை நான் குறை சொல்லவில்லை. வடநாட்டுத் தட்பவெப்பத்துக்கு அது சரி. ஆனால் அயோத்தியிலேயே தரையின் ஈரம் ஏறாமல் இருக்க 21 அடி உயரப் பீடத்தைக் கருங்கல்லில்தான் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, கடல் காற்றும் வருகிறது, உள்ளே தினமும் எண்ணெய், பால், தண்ணீர் என்று அபிஷேகம் வேறு. மணற்கல் இதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஹொய்சளர் கோயில்களில் உள்ள மாக்கல்லும் வேண்டாம் என்றார் ஸ்தபதி. வெட்டியெடுத்த புதிதில் நகத்தால் கீறலாம் போல மென்மையாக இருந்து, நாளாக ஆகக் கெட்டிப்படும் கல் அது. நகை நகையாகச் செதுக்க அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் வாசற்படிக்கும் பாவுகல்லுக்கும் அது ஆகாது.

சரி, கருங்கல் என்று முடிவாயிற்று. ஆனால் கருங்கல் என்பது ஒரு கல்லின் பெயர் இல்லை என்பது குவாரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நாம் கருங்கல் என்று சொல்வதில் குறைந்தது மூன்று நான்கு வகை இருக்கிறது. சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளியோடு வருவது உண்மையான கிரானைட், அதில் வெள்ளையாகத் தெரிவது படிகக்கல்லும் ஃபெல்ஸ்பாரும், மினுங்குவது அப்பிரகம். வரி வரியாக ஓடுவது நைஸ். நீலம் கலந்த கருஞ்சாம்பலாக, எண்ணெய் தடவியது போல இருப்பது சார்னோக்கைட். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் கல் அது. கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் போட்டிருந்தார்கள், 1893இல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார். நம் பல்லாவரத்துக் கல்லுக்கு உலகம் முழுக்க நிலவியல் புத்தகத்தில் கல்கத்தா கல்லறைக்காரர் பெயர். பல்லாவரத்தின் பெயரை வைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். நான்காவதாக, மை போல் கருப்பாக வருவதைக் கடையில் கருப்பு கிரானைட் என்பார்கள், ஆனால் அது பெரும்பாலும் டோலரைட் என்ற வேறு வகைப் பாறை. கன அடிக்கு 85 கிலோ வரை எடை வரும். சிலைக்கு அதுதான். சுவருக்கும் தூணுக்கும் சாம்பல் கல் போதும், அதைக் கருப்பில் செய்ய நினைப்பது வீண் செலவு.

முதல் குவாரியை ஒரு தெரிந்தவர் சொல்லித்தான் பிடித்தோம். விலை மற்ற இடங்களைவிடக் குறைவு. மேலாளர் தன்மையாகப் பேசினார், மோர் கொடுத்தார், ஏற்கெனவே பல கோயில்களுக்குக் கல் கொடுத்திருப்பதாகப் படமெல்லாம் காட்டினார். அன்றைக்கு ஸ்தபதிக்கு வேறு ஊரில் கும்பாபிஷேக வேலை, வர முடியவில்லை. அவர் இல்லாமல் நாங்கள் போனதுதான் முதல் தவறு.

கல்லின் ஓசை பற்றி ஸ்தபதி முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். சிற்ப சாஸ்திரத்தில் கல்லை ஆண், பெண், நபும்சகம் (இரண்டும் அல்லாதது) என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். சுத்தியால் தட்டினால் காண்டாமணி போல நீண்டு ரீங்காரம் இடுவது ஆண் கல், வெண்கலத் தாளம் போல இனிமையாக ஒலித்து அடங்குவது பெண் கல், தட்டிய இடத்திலேயே ஓசை செத்துவிடுவது நபும்சகம். ஆண் கல்லில் தெய்வ மூர்த்தம், பெண் கல்லில் அம்மன் திருமேனியும் பீடமும், மூன்றாவதில் அடித்தளமும் தளவரிசையும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் வகுத்திருக்கிறார்கள். இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க வேண்டாம். உள்ளே வெடிப்போ, மட்கிய பகுதியோ இருந்தால் ஒலி அலை அங்கே முறிந்துவிடும், ஓசை மட்டையாகிவிடும். பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அதேதான்.

நானும் தட்டினேன். சில கற்கள் நன்றாக ஒலித்தன, சில தொப்பென்றன. கேட்டதற்கு மேலாளர், "மண்ணில் கிடக்கிற கல் அப்படித்தான் சார் கேட்கும், தூக்கி வெச்சா மணி மாதிரி இருக்கும்" என்றார். இதில் பாதி உண்மை. முழுப் பரப்பும் மண்ணில் பதிந்து கிடக்கும் கல் அதிராது, அதனால் ஓசை அமுங்கத்தான் செய்யும். அதற்காகத்தான் கல்லை இரண்டு மரக்கட்டை மேல் ஏற்றி வைத்துத் தட்ட வேண்டும். கல் தூக்கும் ஹைட்ரா வண்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தது, தூக்கி வைக்கச் சொல்லியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள், எந்த நல்ல குவாரியிலும் மறுக்க மாட்டார்கள். நாங்கள் கேட்கவில்லை, முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

நான்கு லாரி வந்தது. அதில் இரண்டு லாரி நடைச்சீட்டு இல்லாமல் வந்திருக்கிறது என்பது வழியில் சோதனையில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. கனிம வளத்துக்கு நடைச்சீட்டு இல்லாமல் வண்டி நகரக் கூடாது. கோயிலுக்குப் போகிற கல் என்று சொன்னாலும் அதுதான் விதி, அது சரியான விதியும்கூட. ஒரு நாள் முழுக்க வண்டி நின்றது, வாடகை எங்கள் தலையில்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். நிலைவாசலின் மேல்கல் விஷயத்தில்தான் மனம் உடைந்தது. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், ஏறக்குறைய 850 கிலோ. முதல் லாரியிலேயே அது வந்ததால் ஊரே திரண்டு வந்து மாலை போட்டுக் கற்பூரம் காட்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து ஸ்தபதி வந்தார். கல்லை மரக்கட்டையில் ஏற்றச் சொன்னார், தலையிலிருந்து கால் வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்துகொண்டிருந்த ஓசை நடுவில் ஓரிடத்தில் டொக் என்றது. திரும்பிப் போய்த் தட்டினார், அதே இடத்தில் அதே டொக். ஒன்றும் பேசாமல் குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கல் முழுக்க ஊற்றினார். "இப்போ நிழல்ல உட்காருங்க தம்பி" என்றார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். வெயிலில் கல் வெளுத்துக்கொண்டே வந்தது. மேல்முகம் முழுக்கக் காய்ந்து பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பிய பிறகும், நடுவில் ஒரே ஒரு கோடு, தலைமுடி அளவுக்கு, கருப்பாக ஈரம் காயாமல் நின்றது. விளிம்பிலிருந்து ஆரம்பித்து சற்றே வளைந்து, ஒரு முழ நீளம் வந்து, பக்கவாட்டில் இறங்கிக் கீழே மறைந்தது. வெறும் கண்ணுக்கு அதுவரை அங்கே ஒன்றுமே தெரிந்ததில்லை. வெடிப்புக்குள் போன தண்ணீர் மேல்பரப்பைப் போல உடனே காயாது, அதுதான் அந்தக் கோடு. ஸ்தபதி சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேலேயே கோடு இழுத்துவிட்டு எழுந்தார். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருத்தி, போட்ட மாலையை மெதுவாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

சின்னக் கோடுதானே, பசை ஊற்றி அடைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். சுவரில் வைக்கிற கல்லாக இருந்தால் ஸ்தபதியே யோசித்திருப்பார். மேல்கல்லில் கூடாது. கருங்கல்லை மேலேயிருந்து அழுத்தினால் தாங்கும், மலையையே தாங்கும். ஆனால் இரண்டு முனையில் மட்டும் தாங்கி நடுவில் பாரம் வந்தால் கல் வளையப் பார்க்கும், வளைவைத் தாங்கும் வலு அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நம் கோயில்களில் ஏன் இவ்வளவு நெருக்கமாகத் தூண் நிற்கிறது, தூணின் தலையில் ஏன் இரண்டு பக்கமும் போதிகை என்ற தாங்குகல் நீள்கிறது என்றால் இதற்காகத்தான். உத்திரத்துக்குத் தாங்கல் இல்லாத தூரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கிறார்கள். அந்த இடத்தில் முன்பே வெடித்த கல்லை வைத்து, கீழே மனிதர்களை நடக்க விடுவதா?

குவாரியில் கேட்டபோது முதலில் லாரியில் அடிபட்டிருக்கும் என்றார்கள். வெடிப்புக்கு உள்ளே பழுப்பு நிறத்தில் துருக்கறை படிந்திருந்தது, இரண்டு நாளில் வரும் கறை இல்லை அது. அந்தப் படத்தை அனுப்பிய பிறகு கல்லுக்கு மட்டும் பணத்தைக் கழித்துக்கொண்டார்கள், வண்டிக் கூலி, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி எதுவும் தரவில்லை. பின்னால் விசாரித்ததில்தான் தெரிந்தது, அங்கே வெடி வைத்து உடைக்கிறார்கள். ஜல்லிக்கு வெடி வைக்கலாம். தூணுக்கும் உத்திரத்துக்கும் எடுக்கிற பாறையில் வெடி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளுக்குள் பரவிவிடும், பிளாக் வெளியே பார்க்க முழுசாகத்தான் இருக்கும். முதல் கேள்வியாக நான் கேட்டிருக்க வேண்டியது "கன அடி என்ன விலை" இல்லை, "எப்படிப் பிளக்கிறீர்கள்" என்பதுதான். வந்த நான்கு லாரியில் தேறியதை அதிஷ்டானத்துக்குள் நிரப்பவும் தளத்துக்கும் எடுத்துக்கொண்டோம். 2 மதிப்பெண் அந்தத் தேறிய கல்லுக்கும், அந்த மேலாளர் கடைசிவரை தொலைபேசியை எடுத்துப் பேசியதற்கும்.

இரண்டாவது குவாரிக்கு ஸ்தபதி கூடவே வந்தார். விலை கால் பங்கு அதிகம். ஆனால் உள்ளே நுழைந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. பாறையின் மேல் அடுக்கை, வெயிலும் மழையும் தின்று மஞ்சளடித்துப் போன பகுதியை, தனியாக ஒதுக்கி ஜல்லிக்குப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே உள்ள பாறையைத்தான் வைரக் கம்பி ரம்பத்தால் அறுத்து, வரிசையாகத் தமர் (துளை) போட்டு ஆப்பு அடித்துப் பிளந்துகொண்டிருந்தார்கள். வெயிலிலும் காற்றிலும் காய்ந்த கல், காட்டுத்தீயில் பட்ட கல், உப்பு நீரில் கிடந்த கல் எல்லாம் ஆகாது, பூமிக்குள் மறைந்து கிடக்கும் கல்லே உத்தமம் என்று சாஸ்திரம் சொல்வதும் இதைத்தான் என்று ஸ்தபதி நடந்துகொண்டே சொன்னார்.

ஆப்பு அடிப்பதை அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். இரண்டு பேர், வரிசையாகப் பதினைந்து ஆப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடி, திரும்பவும் முதலிலிருந்து. அடிக்க அடிக்க ஆப்பின் சத்தம் மேலேறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் சுத்தியை நிறுத்திவிட்டு இருவரும் காத்திருக்கிறார்கள், யாரும் தொடாமலே பாறை "கிர்" என்று ஒரு முனகலோடு நேர்கோட்டில் விடுகிறது. அப்படி விட்ட முகம் பார்க்கப் புது ரொட்டியைப் பிட்டது போல மினுமினுப்பாக இருக்கும். பாறைக்கு ஒரு ஓட்டம் உண்டு, அந்த ஓட்டத்தோடு பிளந்தால் சுலபமாக விடும், குறுக்கே பிளந்தால் அடம்பிடிக்கும். அங்கே வேலை செய்கிற பெரியவர் கையை வைத்தே அந்த ஓட்டத்தைச் சொன்னார். உத்திரத்துக்கு வெட்டும்போது நீளவாக்கில் எப்படி வர வேண்டும் என்று ஸ்தபதியும் அவரும் பேசிக்கொண்டதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிந்தது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

வெட்டி எடுப்பதற்கு முன்பே ஸ்தபதி பாறையில் தலை, கால், முகம் என்று செந்நிறத்தில் குறி போட்டார். தரையைப் பார்த்துக் கிடக்கும் பக்கம் முகம், வானத்தைப் பார்ப்பது முதுகு. அந்தக் குறியை அழிக்காமல் எங்கள் ஊர்வரை கொண்டுவந்து சேர்த்தார்கள், கேட்காமலே. ஒவ்வொரு கல்லிலும் எண், எங்கே வைக்க வேண்டிய கல் என்ற குறிப்பு, ஒவ்வொரு வண்டிக்கும் நடைச்சீட்டு, எடைமேடை ரசீது. தட்டிப் பார்க்கக் கட்டையில் ஏற்றச் சொன்னபோது முகம் சுளிக்கவில்லை. ஸ்தபதி கழித்த ஏழு கல்லை மறுபேச்சில்லாமல் ஒதுக்கினார்கள். அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் தேதி. மூன்று மாதம் என்று சொன்னது ஐந்து மாதம் ஆனது, அதுவரை எங்கள் கல்தச்சர்கள் வேறு வேலைக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதாகிவிட்டது.

பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பினோம். பெரிய செலவில்லை, கட்டாயம் செய்யுங்கள். தண்ணீர் உறிஞ்சும் அளவைப் பார்க்க இந்தியத் தரக் கழகத்தின் ஐ.எஸ். 1124 என்ற முறை இருக்கிறது, நசுங்கு வலுவுக்கு ஐ.எஸ். 1121. பொறியியல் கல்லூரிகளின் சிவில் பிரிவில் செய்து தருவார்கள். துண்டைக் காயவைத்து எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்ப எடை போடுவார்கள், அவ்வளவுதான். கட்டடக் கருங்கல்லுக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் 0.4 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்கிறது. இரண்டாவது குவாரியின் மூன்று துண்டும் அதற்குள் வந்தன. முதல் குவாரியின் மூன்றில் ஒன்று தாண்டிவிட்டது, ஸ்தபதி காதால் கழித்த கல்லின் துண்டு அது.

இன்னொன்று, கல்லில் பொன்னிறமாகச் சின்னப் புள்ளி மின்னினால் அழகு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். இரும்பும் கந்தகமும் கலந்த கனிமமாக இருக்கலாம். அபிஷேகத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்த இடத்திலிருந்து துருக்கறை வழிய ஆரம்பித்தால் என்ன தேய்த்தாலும் போகாது.

மூலவர் கல்லுக்கு மாமல்லபுரம். ஊத்துக்குளிக் கல்லில் செய்யத் திருமுருகன்பூண்டிக்குப் போகலாம் என்றும் பேச்சு வந்தது, அங்கேயும் தலைமுறை தலைமுறையாகச் சிற்பிகள் இருக்கிறார்கள். எங்கள் ஸ்தபதி மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியில் படித்தவர், அவருக்குத் தெரிந்த பட்டறை அங்கே என்பதால் அங்கே போனோம். வள்ளி தெய்வானையோடு மூன்றரை அடி முருகன். நுண்மையான கருங்கல்தான் வேண்டும். மூக்கு நுனி, கண் இமை, வேலின் முனை எல்லாம் பருமணிக் கல்லில் நிற்காது, உளி பட்டதும் ஒரு படிகம் பெயர்ந்தால் மூக்கே போய்விடும்.

பட்டறைக்காரர் மூன்று பிளாக் காட்டினார். அவரே குடத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார், நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே. அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இன்னொரு விஷயமும் சொல்லிக் கொடுத்தார். சில இடங்களில் சாம்பல் கல்லுக்குச் சாயமும் எண்ணெயும் ஏற்றிக் கருப்பாக்கி விற்கிறார்கள், வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து அழுத்தித் துடைத்தால் துணி கருக்கும். அசல் கருப்பில் துணி அப்படியே இருக்கும். அவர் கல்லிலேயே துடைத்துப் பார்க்கச் சொன்னார், துடைத்தேன், துணியில் தூசி மட்டும்தான். உளி பட்ட இடம் வெளிறித் தெரிவதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், எந்தக் கருப்புக் கல்லும் கொத்தினால் வெளுப்பாகத்தான் தெரியும், தேய்த்து எண்ணெய்க்காப்பு ஆனதும் கருப்பு திரும்பும்.

கல்லுக்குள் தேரை இருக்குமா என்று கூட வந்தவர் கேட்டார். பட்டறைக்காரர் சிரிக்காமல் பதில் சொன்னார். பேலூர் சென்னகேசவர் கோயிலில் ஜக்கணாச்சாரி செதுக்கிய மூர்த்தியின் வயிற்றில் குறை இருக்கிறது என்று ஒரு சிறுவன் சொல்ல, சந்தனம் பூசிப் பார்த்தபோது ஓரிடம் மட்டும் காயாமல் இருந்து, உளி வைத்ததும் தண்ணீரும் தவளையும் வந்தன என்று கதை. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "தேரை இருக்கோ இல்லையோ, காயாத இடம் இருந்தா அங்க குறை இருக்குங்க ஐயா." எங்கள் ஊர் வாசலில் நான் பார்த்த அந்த ஈரக்கோடு உடனே ஞாபகத்துக்கு வந்தது. நூற்றாண்டுக் கணக்கில் கதையாகவே கைமாறி வந்திருக்கிறது இந்தப் பரிசோதனை.

வேலை அருமை. முகத்துக்குக் கண் திறக்காமல் விட்டு, மற்றதெல்லாம் முடித்து, மரச்சட்டத்தில் வைக்கோல் திணித்து அனுப்பினார்கள். ஒரு மதிப்பெண் குறைத்தது பீடத்துக்காக. நாங்கள் கேட்டது பெண் கல்லில் பீடம், அவர்கள் முதலில் மூர்த்தியின் கல்லில் மிஞ்சிய துண்டிலேயே செய்துவிட்டார்கள். ஸ்தபதி தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார், வாதம் செய்யாமல் வேறு செய்து கொடுத்தார்கள், ஆனால் அதில் ஒன்றரை மாதம் போயிற்று.

மெருகு பற்றி ஒரு வார்த்தை. சுவரையும் தூணையும் இயந்திரத்தில் மெருகேற்றிக் கண்ணாடி மாதிரி தரட்டுமா என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். முரட்டுப் பிளாக்கை இயந்திரத்தில் அறுப்பதில் எனக்கு மறுப்பில்லை, எங்கள் பாவுகல் எல்லாம் அப்படித்தான் அறுத்தது. ஆனால் கடைசிப் பொளிவேலை கை உளியில்தான் நடக்க வேண்டும். ஒரு கல்லின் மேல் ஆயிரக்கணக்கான உளியடி விழுகிறது என்றால் ஆயிரக்கணக்கான முறை அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் கல்தச்சர் ஒருவர் பேசிக்கொண்டே கொத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, காதைச் சாய்த்து, இந்தத் தூணை உள்வரிசையில் போட்டுக்கலாம் என்று தனியே எடுத்து வைத்ததை நானே பார்த்தேன். மெருகு இயந்திரத்துக்குக் காது கிடையாது, பசையும் கல்பொடியும் அடைத்த விரிசலை அது பளபளவென்று மூடித்தான் கொடுக்கும். தரைக்கு மெருகு போட்டால் அபிஷேகத் தண்ணீரில் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள், அது வேறு.

செலவைப் பொறுத்தவரை, எங்கள் கணக்கில் கல்லுக்குக் கொடுத்ததற்குப் பாதி அளவு வண்டிக்கும் ஹைட்ராவுக்கும் ஏற்றி இறக்கவும் ஆனது. குவாரியில் சொல்லும் விலையோடு இதைச் சேர்க்காமல் வசூல் பட்டியல் போட்டுவிடாதீர்கள். கல் விலை எவ்வளவு என்று எழுதவில்லை, டீசல் விலையோடு அது மாறிக்கொண்டே இருக்கிறது.

மாற்று மேல்கல் இரண்டாவது குவாரியிலிருந்து பங்குனியில் வந்தது. இந்த முறை மாலை போடுவதற்கு முன்னாலேயே தண்ணீர் ஊற்றினோம். ஊரில் பாதிப்பேர் சுற்றி நின்று கல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஓரத்திலிருந்து வெளுத்து வந்து நடுவில் கடைசி ஈரமும் வட்டமாகச் சுருங்கிக் காணாமல் போயிற்று. அப்புறம்தான் ஸ்தபதி சுத்தியை அந்தப் பாட்டியின் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார்.

நீங்கள் போவதாக இருந்தால் தை மாசி பங்குனியில் போங்கள், ஸ்தபதியை அழைத்துக்கொண்டு போங்கள். ஐப்பசி கார்த்திகையில் குவாரிக் குழியில் தண்ணீர் நிற்கும், அடிப்பாறையைப் பார்க்க முடியாது, மேலே ஏற்கெனவே எடுத்துப் போட்டிருப்பதைத்தான் காட்டுவார்கள், மழையில் நனைந்த கல்லில் ஈரக்கோடும் தெரியாது.